கேத வீட்டு வாசலில் நின்ற ரதி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. இடம், மாத்தளை மாவட்டத்தில் உக்குவளைக்கு மேலே இருக்கும் ஒரு றப்பர் தோட்டம். நான் பிறந்து வளர்ந்த தோட்டம். இப்போது மாத்தளை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறேன். ஏறுகிற எல்லாரும் தங்கள் கதையை என்னிடம் சொல்வார்கள். விலைவாசி, மருமகள், முழங்கால் வலி, எதுவும் பாக்கி இல்லை. என் கதையை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அப்போது அதற்கு மரியாதையாக ஒரு பெயர் உண்டு என்றே எனக்குத் தெரியாது. திட்டுகிற பெயர்கள் மட்டும் நிறையத் தெரியும். எங்களுக்கு அடுத்த லயத்தில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில், இருந்த ஒருவனை நான் காதலித்தேன். அவனும் என்னைக் காதலித்தான். அவன் றப்பர் பால் வெட்டுகிறவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். எவ்வளவு கழுவினாலும் அவன் கையில் பால் வாடை போகாது. அதைப் பற்றி நான் கேலி பண்ணாத நாள் கிடையாது.

நாங்கள் இரண்டு பேருமே சாமிக்குப் பயந்தவர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் சாப்பிட மாட்டோம். சந்தித்துவிட்டு வந்த மறுநாள் எல்லாம் அம்மன் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். தப்பு செய்கிறோமா என்று அவனிடம் கேட்பேன். "தெரியலடா, அம்மனுக்குப் புடிக்கலன்னா இந்நேரம் காட்டியிருக்கும்ல" என்பான். அவனுக்கும் பயம்தான். என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொல்வான்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்ததும் கம்பம் ஊன்றுவார்கள், பௌர்ணமி வரைக்கும் தினமும் பூசை. ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். பிறகு சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் மன்மதன் எரிந்துபோவான், ரதி அழுவாள், மூன்றாம் நாள் மன்மதன் எழும்புவான். ரதி வேஷம் கட்டுவதும் ஆண்தான். காப்புக் கட்டிவிட்டால் ஆடுகிறவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சாமி என்பார்கள். லயம் லயமாகப் போகும்போது காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். ஒருமுறை வேஷம் எடுத்தால் மூன்று வருடம் தொடர்ந்து ஆடவேண்டும். அது நேர்த்திக்கடன், நடுவில் விட முடியாது.

நான் சொல்லவந்த மாசிக்கு முந்தின வருடம் கூத்து வாத்தியார் என்னை ரதியாகவும் அவனை மன்மதனாகவும் தெரிந்தெடுத்தார். என் குரல் மெலிசு, அவன் நல்ல உயரம், அதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையை ஆட்டினோம். விரத நாட்களில் கோயில் மண்டபத்தில் எட்ட எட்டப் பாய் போட்டுப் படுத்தோம். கூத்தில் தவிர விரல் நுனியால்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு ஒழுங்காக நாங்கள் எப்போதும் இருந்ததில்லை.

மன்மதன் வேஷம் கட்டுகிறவன் வீட்டிலிருந்துதான் தாலிக் கயிறு வரவேண்டும். அவன் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தன் கையாலேயே அதைத் திரித்தார். புருஷன் இல்லாமல் இந்த ஒரே பிள்ளையை வளர்த்தவர். வெள்ளை நூல் போதவில்லை என்று பழைய சீலைக் கரையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை உருவிச் சேர்த்துத் திரித்து மஞ்சளில் தோய்த்துக் கொடுத்தார். தப்பு மேளம் முழங்க, தோட்டமே பூப்போட, அவன் அதை என் கழுத்தில் கட்டினான். எத்தனையோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியிருக்கிறேன். எனக்கென்று ஊர் கூடி வாழ்த்தினது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் மன்மதன் எழும்பின பிறகு காப்பையும் தாலிக் கயிற்றையும் அவிழ்த்து ஓடையில் விட்டுவிட வேண்டும். விடாமல் வைத்திருந்தால் ஆடின இரண்டு பேரில் ஒருவரைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. நான் காப்பை விட்டேன். கயிற்றை விட மனம் வரவில்லை, கைக்குள் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கும் அது தெரியும். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் நான் கொழும்புக்கு அரிசிக் கடை ஒன்றில் வேலைக்குப் போனேன். அவன் தோட்டத்திலேயே இருந்தான். தீபாவளிக்கு வரும்போது அவனுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் கடைக்கு வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற போக்கில் சொன்னார். அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டானாம். மறுநாள் எடுக்கிறார்களாம்.

உடுத்தின சாரத்தோடு பஸ் ஏறினேன். அதற்கு முந்தின நாள்தான் கொழும்பில் ஒரு குண்டு வெடித்திருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் தமிழ்ப் பொடியன்களை மட்டும் இறக்கினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டு கொழும்பை விட்டு ஓடுகிற தமிழ்ப் பொடியன் அந்தக் காலத்தில் எப்படித் தெரிவான் என்று உங்களுக்கே தெரியும். யார் செத்தது என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாளுவெக், ஒரு நண்பன் என்றேன். நண்பனுக்காக எவனாவது இப்படி அழுவானா, பொய் சொல்கிறாய் என்று ஓர் அடி விழுந்தது. அண்ணன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த நேரம் எனக்கு அது வாயில் வரவில்லை.

பர்ஸைக் கொட்டிப் பார்த்தபோது சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து அந்தக் கயிறு விழுந்தது. கழுத்துக் கயிறு என்றால் அப்போது அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், புலிகள் சயனைட் குப்பி மாட்டுகிற கயிறு. குப்பி எங்கே என்று கேட்டு அடைத்துப் போட்டார்கள். இரண்டு நாளைக்குப் பிறகு வந்த மேலதிகாரி ஒருவர் கயிற்றை முகர்ந்து பார்த்தார். மஞ்சள் வாடை இருந்திருக்க வேண்டும். அவர் கையிலும் பௌத்த விகாரையில் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் இருந்தது. கயிற்றை என் கையில் கொடுத்து, போ என்றார்.

நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. குழிமேட்டில் வைத்த பூ வாடிக் கிடந்தது. அங்கே நின்று அழக்கூட முடியவில்லை, பக்கத்தில் பால் வெட்டுகிறவர்கள் வேலையில் இருந்தார்கள். "கூட்டாளி போனது கஷ்டந்தான், என்ன செய்ய" என்று ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த துக்க விசாரிப்பு.

அதற்குப் பிறகு நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஓடைக்கரை வரும், நான் கையைப் பொத்திக்கொண்டு நிற்பது வரும். அவிழ்த்து விட வேண்டியதை வைத்திருந்தேன், சாமி அவனை எடுத்துக்கொண்டது. வேறு எந்த விளக்கமும் என் மூளையில் ஏறவில்லை. ஏன் செத்தான் என்று லயத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொன்றது யார் என்று எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். இதற்கெல்லாம் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது என்பது அப்போது எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. அம்மா திருநீறு பூசிவிட்டு, பயந்திருக்கிறான், சரியாகிவிடும் என்றார்.

மாசி வந்தது. இரண்டாவது வருட நேர்த்தி. கம்பம் ஊன்றுகிற அன்று வாத்தியார் காப்புத் தட்டோடு வரிசையாக வந்தார். கட்டுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

"வீட்டுல கேதம் ஏதும் இருக்காப்பா?"

கேதம் என்றால் சாவுத் துக்கம். வருடம் திரும்பாத கேதம் இருக்கிற வீட்டு ஆளுக்குக் காப்பு கிடையாது, கோயில் படியும் ஏறக் கூடாது. எனக்கு இருக்கிற கேதம் அங்கே யாருக்கும் இல்லை. என் வீட்டில் யார் செத்தது என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன். "இல்ல வாத்தியாரே" என்றேன். கட்டினார். அம்மன் முன்னால் பொய் சொல்லிவிட்டேன் என்று பயம் பிடித்தது. அதற்காகத் தனியாகப் பயப்படத் தேவையில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் ஒரு முடிவோடுதான் நான் காப்பு வாங்கினேன். மூன்றாம் நாள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் உடம்பு சாமிக்குச் சொந்தம். அதற்குப் பிறகு அவன் போன வழியே நானும் போய்விடுவது. சாமிக்கு ஒரு கணக்கை முடித்துக் கொடுத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அதைவிட நியாயமான யோசனை எனக்கு எதுவும் தோன்றவில்லை.

புது மன்மதனாக வேறொரு பையன் வந்தான். நல்லவன், பாவம், அடி தப்பாமல் ஆடுவதிலேயே அவன் கவனம் எல்லாம். பௌர்ணமி அன்று பொழுது சாய்கிற நேரம் வேஷத்தோடு லயம் லயமாகப் போனோம். போவதற்கு முன் அந்தப் பழைய கயிற்றை எடுத்துச் சலங்கைக்கு அடியில் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். கடைசி ஆட்டத்தை அதோடு ஆடவேண்டும் என்று ஓர் ஆசை.

கேத வீட்டு வாசலில் கூத்து நிற்காது. தப்பை அடிக்காமல் பேசாமல் கடந்து போவோம். அவன் வீட்டு வரிசைக்கு வந்ததும் தப்பு நின்றது. சலங்கை சத்தம் மட்டும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்றிருந்தேன். இஸ்தோப்பில், முன் திண்ணையில், அவன் அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

என் கால் நின்றுவிட்டது. வாத்தியார் முன்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, வருசம் திரும்பலையே. தீட்டாச்சே."

"தெரியும் தம்பி. போன வருசம் எம் புள்ள ஆடின கூத்து. ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு உள்ள போயிடுறேன். தீட்டு பட்டா என்னயப் படட்டும்."

வாத்தியார் விலகி நின்றார். அவர் இறங்கி வந்து குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். சலங்கையைக் கொஞ்சம் ஒதுக்கித் தேய்த்துக் கழுவின கை அப்படியே நின்றது. மஞ்சள் போய் வெளுத்த கயிற்றில் அந்த ஒற்றைச் சிவப்பு நூல் நன்றாகவே தெரிந்தது. தான் திரித்தது அவருக்குத் தெரியாதா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அரிதாரத்துக்குக் கீழே என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சலங்கையை இழுத்துக் கயிற்றை மறைத்துவிட்டு, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விடியும் நேரம் மன்மதனை எரித்தார்கள். ரதி அழ வேண்டிய இடம் வந்தது. வாத்தியார் சொல்லிக் கொடுத்த வரிகள் இரண்டோ மூன்றோதான் பாடியிருப்பேன். பிறகு நான் என்ன பாடினேன் என்று எனக்கே தெரியாது. ஐப்பசியிலிருந்து தொண்டைக்குள் இருந்ததெல்லாம் வந்தது. மண்ணில் விழுந்து புரண்டேன், மாரில் அடித்துக்கொண்டேன், ஏன் என்னை விட்டுப் போனாய் என்று கேட்டேன். காமன் பொட்டலில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். எட்டு மைல் நடந்து வந்து பார்த்தவர்கள்கூட, இந்த வருடம் ரதி நன்றாகச் செய்தது என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். அவனுடைய தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குத் துண்டு போர்த்தினார். பிறகு தெரிந்ததெல்லாம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தத் துண்டு அங்கேயே நெருப்பில் போயிருக்கும்.

முகத்தைக் கழுவ பீலிக்கு இறங்கினேன். மலையிலிருந்து வருகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்து இறக்கியிருப்பார்கள். எல்லாரும் மேலே சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பீலிக்குப் பக்கத்தில் கல்லில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார்.

"அந்தக் கயித்த ஏன்டா தண்ணியில விடல?"

அவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவனுக்கும் எனக்கும் என்ன உறவு என்று நான் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அதனாலதான் அத்த அவன் போயிட்டான். நான் விடல. சாமி எடுத்துக்கிச்சு. நான்தான் காரணம்."

"சாமியா எடுத்திச்சு?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எங்கண்ணன் மகளக் கட்டச் சொன்னோம். மாட்டேன்னான். ராவுல தூங்கல, சாப்புடல. மோகினி புடிச்சிருக்குன்னு எங்கண்ணன் கோடாங்கிய கூட்டிட்டு வந்திச்சு. மொதல்ல வேப்பங்கொத்தால அடிச்சான். பெறகு பெரம்பால. 'போயிடுறேன்னு சொல்லு, போயிடுறேன்னு சொல்லு'ன்னு அடிச்சான். எம் புள்ள என் மொகத்தத்தான் பாத்திச்சு. ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு இருந்தது நானு. விடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. பேய் எறங்குதுன்னு நெனச்சி அம்மனக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு அடுத்த லயத்தில் நடந்தது, எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"கடைசில போயிடுறேன்னு சொன்னான். கோடாங்கி சொன்னான், பேய் பேசுதுன்னு. பேய் இல்லடா. பேசினது எம் புள்ள. அந்த வாரத்துக்குள்ள போயிட்டான்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சாமி கொல்லல. நாங்கதான் கொன்னோம். அதத் தூக்கி உன் தலையில வச்சிக்கிட்டுத் திரியாத. அது என் பாரம், உனக்கு அதுல பங்கு இல்ல."

அவர் எழுந்து கிட்ட வந்தார்.

"நீயும் போறதுன்னு முடிவு பண்ணிட்ட. இல்ல?"

நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இதே பார்வைதான் அவன் கண்ணுல இருந்திச்சு. கல்யாணம்னா பயப்படத்தான் செய்வான்னு விட்டுட்டேன். ஒருக்கா விட்டது போதும்."

"கூத்துல மூணாம் நாளு எழும்பிடுறான் அத்த. எனக்கு யாரு எழும்பி வருவா?"

"ஒருத்தரும் வர மாட்டாங்க. நானும் மூணாம் நாளு குழிமேட்டுல போய் உக்காந்து பாத்தேன். வரல. அதனாலதான் சொல்றேன், நீ போகாத."

இதற்கும் நான் அசையவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். சட்டென்று குரலை மாற்றினார். கடன்காரனைப் பிடித்த மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருசம்னு சொல்லித்தானே காப்பு கட்டுன. ரெண்டுதான் ஆடியிருக்க. நேர்த்தியப் பாதியில விட்டுட்டுப் போனா சாமி என்னயத்தான் வந்து கேக்கும், ஏன் தடுக்கலன்னு. எனக்கு இருக்கிறது போதாதா? அடுத்த மாசிக்கு நீ ஆடணும். கயித்த அவுத்துக் குடு. நான் வச்சிருக்கிறேன். ஆட வந்து வாங்கிக்க."

சாமிக்குப் பயந்தவன் என்று முதலிலேயே சொன்னேன். வாழவேண்டும் என்று எனக்கு அன்று ஆசை வந்துவிடவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நேர்த்தியை முறிக்கப் பயமாக இருந்தது. குனிந்து கணுக்காலில் இருந்ததை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். மூன்றாம் நாள் காப்பு அவிழ்க்கும்போது, தீட்டு என்பதால் ஓடைக்கு அந்தப் பக்கம் எட்ட நின்று, நான் வீட்டுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் நல்ல வருடமாக இருக்கவில்லை. பல நாள் நான் பாயை விட்டு எழும்பவே இல்லை. அவர் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று, "இருக்கியா?" என்பார். இருக்கிறேன் என்பேன். அது போதும் அவருக்கு. என் அம்மா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, நேர்த்தி முடியாமல் கல்யாணப் பேச்சு எடுத்தால் சாமிக் குற்றம் என்று அவரே வந்து பயமுறுத்தி நிறுத்தினார். அப்படி ஒரு வழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். தன் அண்ணனோடு அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாவது மாசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைத் திருப்பித் தந்தார். கூத்து முடிந்து இரண்டு பேரும் ஓடைக்குப் போனோம். நான் அதைத் தண்ணீரில் விட்டேன். அந்தச் சிவப்பு நூல் கொஞ்ச தூரம் தெரிந்தது. அவர் அன்றுதான் வாய்விட்டு அழுதார், நான் பக்கத்தில் நின்றேன். நேர்த்தி முடிந்துவிட்டதே, இனி இவர் என்னை எதைச் சொல்லிப் பிடித்து வைப்பார் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தால், என்னைக் கேட்காமலே வாத்தியாரிடம் போய் இன்னும் மூன்று வருடத்துக்கு என் பெயரில் நேர்த்தி சொல்லிவிட்டு வந்திருந்தார். அது முடிந்ததும் அடுத்த மூன்று. ரதி வேஷத்துக்கு வயது போன பிறகு பின்பாட்டுக்காரனாகக் காப்புக் கட்டினேன். நடுவில் டவுனுக்கு வந்து த்ரீவீல் எடுத்தேன், ஒரு டாக்டரிடம் போய்த் தூக்கத்துக்கும் மனசுக்கும் மருந்து வாங்கினேன், அவனைப் பற்றி அந்த டாக்டரிடம் சொன்னேன். எந்த மாசிக்கும் தோட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

யுத்தம் முடிவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன், ஒரு மார்கழியில் அத்தை நோயில் போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் கூட்டத்தோடு கூட்டமாகக் குழிமேடு வரைக்கும் போனேன். முறைப்படி நான் அவருக்கு யாரும் இல்லை. அடுத்த லயத்துப் பையன்.

மாசியில் வழக்கம்போலக் காப்பு வாங்கப் போனேன். வாத்தியாருக்கும் வயதாகிவிட்டது, மஞ்சள் நூலை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"வீட்டுல கேதம் ஏதும் இருக்காப்பா?"

இத்தனை வருடமும் இல்லை என்றே சொல்லிப் பழகிய கேள்வி.

"இருக்கு வாத்தியாரே" என்றேன்.

என் அம்மா அதே கூட்டத்தில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. நூலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, "சரிப்பா, வருசம் திரும்பட்டும்" என்றார்.

அத்தைக்காகவும், கேதம் காக்க முடியாமல் போன அவனுக்காகவும் சேர்த்து அந்த ஒரு வருடம் முழுவதும் நான் கோயில் படி ஏறவில்லை. சாமியிடம் அதைவிடக் கிட்ட நான் எந்த வருடமும் இருந்ததில்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.